திரையில் 37.8, முட்டையருகே எவ்வளவு?

வீட்டிலேயே செய்துகொள்ளும் முட்டை பொரிப்புப் பெட்டியைப் பற்றி, அதாவது கிராமங்களில் இன்று எல்லோரும் இன்குபேட்டர் என்றே சொல்லும் அந்தப் பெட்டியைப் பற்றி, இம்முறை கடிதங்கள் மிகுதியாக வந்துள்ளன. அவற்றில் பலருக்கும் பயன்படக்கூடிய சில கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறோம். முதல் கடிதத்தில் உள்ள இழப்பு வேறு பலருக்கும் நேர்ந்திருக்கும் என்பதால் அதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டியுள்ளது.

கேள்வி (வாசகர், பெருந்துறை): ஐயா, வணக்கம். மீன் வரும் தெர்மாகோல் பெட்டியில் 100 வாட் குண்டு பல்பு ஒன்றையும், டபிள்யூ 1209 என்ற வெப்பக் கட்டுப்பாட்டுப் பலகையையும் பொருத்தி, சிறுவிடைக் கோழி முட்டைகள் 30 வைத்தேன். விசிறி வைக்கவில்லை. 37.8 என்று அமைத்திருந்தேன். திரையில் 36-க்கும் 38-க்கும் இடையில்தான் எப்போதும் காட்டியது. ஆனால் 19-ஆம் நாளிலேயே ஐந்து குஞ்சுகள் வந்துவிட்டன. இரண்டுக்குத் தொப்புள் சரியாக மூடவில்லை. மீதியை உடைத்துப் பார்த்தால் முழுதாக வளர்ந்த குஞ்சுகள் உள்ளேயே இறந்து கிடந்தன. கருவி பழுதா? என் தவறு என்ன? பெட்டியின் படத்தை இணைத்துள்ளேன்.

பதில்: கருவி பழுதாகியிருக்க வேண்டியதில்லை. குஞ்சு 21 நாளில் வரவேண்டியிருக்க, 19-ஆம் நாளிலேயே வந்ததும், தொப்புள் மூடாமல் இருந்ததும், முட்டைகள் தேவைக்கு மேல் சூடாக இருந்தன என்பதையே காட்டுகின்றன. குளிர்ந்திருந்தால் 22, 23 நாள் என்று தள்ளிப் போயிருக்கும். திரை காட்டிய 36-உம் 38-உம் சென்சார் இருந்த இடத்தின் வெப்பம். முட்டைகள் இருந்த இடத்தின் வெப்பம் அதுவன்று. நீங்கள் அனுப்பிய படத்தில் சென்சார் பெட்டியின் அடியில், சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. முட்டைத் தட்டு அதற்கு நான்கு விரல் மேலே இருக்கிறது. பல்பு மூடியிலிருந்து தொங்குகிறது. விசிறி இல்லாத பெட்டியில் சூடான காற்று மேலேயும் குளிர்ந்த காற்று அடியிலும் தங்கிவிடும். இந்த வேறுபாடு சில டிகிரி வரை போகும். அடியில் 37 இருந்தபோது தட்டின் நடுவில் இருந்த முட்டைகள் 39-ஐயும் தாண்டியிருக்கும் என்றே கருதுகிறேன்.

ஆகையால் முதலில் விசிறி வையுங்கள். கணினிக்குள் இருக்கும் 80 மில்லிமீட்டர் அளவுள்ள 12 வோல்ட் விசிறி ஒன்று போதும். கட்டுப்பாட்டுப் பலகைக்கு மின்சாரம் தரும் அதே 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டரிலிருந்தே அதற்கும் இணைப்புக் கொடுக்கலாம். ஆனால் பல்பை எரியவைத்து அணைக்கும் சுவிட்சாகப் பலகையில் உள்ள ரிலே வழியாகக் கொடுக்கக் கூடாது. பல்பு எரிந்தாலும் அணைந்தாலும் விசிறி இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதன் காற்று முட்டைகளின் மீது நேராக அடிக்காமல், பல்பைத் தழுவிச் சென்று எதிர்ச் சுவரில் மோதித் திரும்பும்படி அமையுங்கள். சென்சாரின் முனை முட்டையின் மேல்மட்ட உயரத்தில், தட்டின் நடுப்பகுதியில், எதையும் தொடாமல் காற்றில் தொங்க வேண்டும். பல்பின் ஒளி நேரடியாக அதன்மீது விழக்கூடாது. விசிறி உள்ள பெட்டிக்கு 37.5 முதல் 37.8 வரை சரியான வெப்பம். விசிறி இல்லாமலேதான் வைப்பேன் என்பவர்கள், முட்டையின் மேல்மட்டத்தில் அளந்து 38.5-ஐ ஒட்டி வைப்பது வழக்கம். ஆனால் அந்த முறையை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

இரண்டாவது தவறு பல்பில் இருக்கிறது. நீளமும் அகலமும் 45 சென்டிமீட்டர், உயரம் 40 சென்டிமீட்டர், சுவரின் கனம் 2.5 சென்டிமீட்டர் உள்ள தெர்மாகோல் பெட்டி, வெளியே 27 டிகிரியும் உள்ளே 37.5 டிகிரியும் இருக்கும்போது, சுவர் வழியாக இழக்கும் வெப்பம் ஏறத்தாழ 14 வாட் மட்டுமே. காற்றுத் துளைகள் வழியாகப் போவதையும் தண்ணீர் ஆவியாவதற்குச் செலவாவதையும் சேர்த்தாலும் 25 வாட்டைத் தாண்டாது. அங்கே 100 வாட் பல்பு வைத்தால், ரிலே துண்டித்த பின்பும் பல்பின் கண்ணாடியிலும் ஹோல்டரிலும் தேங்கிய சூடு உள்ளே பரவிக்கொண்டே இருக்கும்; வெப்பம் குறித்த அளவைத் தாண்டி ஏறி, பிறகு மெல்ல இறங்கும். 25 வாட் பல்புகள் இரண்டை இணையாகப் பொருத்துங்கள். ஒன்று பியூஸ் போனாலும் மற்றொன்று பெட்டியை ஓரளவுக்குக் காப்பாற்றும். மார்கழி இரவுகளில் நன்றாகக் குளிரும் ஊர் என்றால் 40 வாட் இரண்டு வைக்கலாம். எல்இடி பல்பு இதற்கு உதவாது. வெப்பம் குறைவாக வெளிவிடுவதற்காகவே அது செய்யப்பட்டது. பல்பைச் சுற்றித் துளையிட்ட பால்பவுடர் டின் ஒன்றைக் கவிழ்த்துவிட்டால், அருகிலுள்ள முட்டைகள் மட்டும் வேகாமல் காற்று சீராகச் சூடாகும். பல்பின் கண்ணாடி 100 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடியது, தெர்மாகோலோ அந்தச் சூட்டில் இளகிவிடும் என்பதால், பல்புக்கும் சுவருக்கும் இடையே போதிய இடைவெளி விடுங்கள்.

மூன்றாவது, பலகையின் அமைப்பு. டபிள்யூ 1209-இல் செட் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் பி-0, பி-1 என்று வரிசையாக வரும். பி-0 என்பது சூடாக்குவதா குளிர்விப்பதா என்பதற்கானது. அதில் ஹெச் என்ற எழுத்து இருக்க வேண்டும். உங்கள் பல்பு சரியான நேரத்தில் எரிந்திருப்பதால் அதை மாற்றியிருப்பீர்கள். பெரும்பாலோர் மறப்பது பி-1-ஐத்தான். பல்பு அணைவதற்கும் மறுபடி எரிவதற்கும் இடையே எத்தனை டிகிரி இறங்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. தொழிற்சாலையில் அது 2 டிகிரியாக வைக்கப்பட்டு வருகிறது. 37.8-இல் அணைந்த பல்பு 35.8 வரை இறங்கிய பிறகே எரியும். உங்கள் திரையில் 36-க்கும் 38-க்கும் இடையே ஆடியதற்குக் காரணம் இதுவே. அதை 0.3 ஆக மாற்றுங்கள். 0.1 வரை குறைக்க முடியும். ஆனால் ரிலே நிமிடத்துக்கு ஒரு முறை 'டிக்' என்று அடித்துக்கொண்டிருந்தால் ஒரு நாளில் 1,440 முறை, 21 நாளில் 30,000 முறைக்கு மேல் இயங்கியிருக்கும். இத்தகைய சிறிய ரிலேக்களுக்கு முழுச் சுமையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை ஆயுள் என்று சொல்வார்கள். உங்கள் பல்பு அந்த முழுச் சுமையில் சிறு பங்குதான் என்றாலும், தேவையில்லாமல் ரிலேயைத் தேய்ப்பானேன்?

இவற்றுக்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. திரையில் வரும் எண் சரிதானா என்று ஒருமுறை சோதித்துப் பாருங்கள். இதற்குக் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரைவிட நல்ல கருவி நம் வீட்டில் இல்லை. மனித உடலின் வெப்பமும் முட்டையின் வெப்பமும் ஒரே இடத்தில் இருப்பதால், நமக்குத் தேவையான அந்தக் குறுகிய எல்லையில் அது 0.1 டிகிரி அளவுக்குத் துல்லியமாகக் காட்டும். ஒரு பெரிய எவர்சில்வர் டம்ளரில், கை பொறுக்கும் வெதுவெதுப்பில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். சென்சாரின் முனையையும் தெர்மாமீட்டரின் முனையையும் ரப்பர் வளையத்தால் சேர்த்துக் கட்டி, தண்ணீருக்குள் விட்டுக் கலக்கிக்கொண்டே இருங்கள். பலகையின் எண் அசையாமல் நின்ற பிறகு தெர்மாமீட்டரை முடுக்குங்கள். 'பீப்' ஒலித்தவுடன் இரண்டையும் ஒரே நேரத்தில் படியுங்கள். தெர்மாமீட்டர் 37.9 என்றும் பலகை 37.1 என்றும் காட்டினால், பலகை 0.8 குறைவாகக் காட்டுகிறது, திரையின் எண்ணைத் திருத்துவதற்கான பி-4-இல் 0.8-ஐக் கூட்டிவிடுங்கள். உங்கள் தெர்மாமீட்டர் பாரன்ஹீட்டில் காட்டுமானால் 37.5 என்பது 99.5, 37.8 என்பது 100. தெர்மாமீட்டர் ஏறிய அளவிலேயே நின்றுவிடும் இயல்புடையது என்பதால், ஒவ்வொரு முறையும் அணைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் ஆகும். 21 நாள் காத்திருந்து முட்டையை உடைத்துப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

பெட்டியை முட்டை இல்லாமல் ஒரு முழு நாள் ஓடவிட்டு, தட்டின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் அளந்து பாருங்கள். மூலைக்கு மூலை அரை டிகிரிக்கு மேல் வேறுபட்டால் விசிறியின் திசையை மாற்றுங்கள். அதன் பிறகே முட்டை வையுங்கள்.

கேள்வி (பாலிடெக்னிக் மாணவர், காரைக்குடி): இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு, நிரல் எழுதி இயக்கும் அர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையைக் கொண்டு இன்குபேட்டர் செய்கிறோம். டிஹெச்டி 11, எல்எம் 35 ஆகிய சென்சார்கள் கையில் உள்ளன. எதைப் பயன்படுத்தலாம்?

பதில்: டிஹெச்டி 11-ஐ வெப்பத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். அதன் பிழை 2 டிகிரி வரை இருக்கலாம் என்று அதைச் செய்பவர்களே குறிப்பிடுகிறார்கள். அது 37 என்று காட்டும்போது உண்மையில் 35 ஆகவும் இருக்கலாம், 39 ஆகவும் இருக்கலாம். குஞ்சுக்கு இந்த நான்கு டிகிரிக்குள்தான் வாழ்வும் சாவும்.

எல்எம் 35 நல்ல சென்சார். ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும். 37.5 டிகிரியில் 375 மில்லிவோல்ட் வரும். அர்டுயினோ யூனோ 5 வோல்ட்டை 1,024 படிகளாகப் பிரித்துப் படிப்பதால் ஒரு படி ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ட், அதாவது அரை டிகிரி. 37.3-க்கும் 37.7-க்கும் உள்ள வேறுபாடு அதன் கண்ணில் படாமலே போகலாம். நிரலில் 5 வோல்ட்டுக்குப் பதிலாக, பலகைக்குள்ளேயே அமைந்த 1.1 வோல்ட் ஒப்பீட்டைத் தேர்ந்தெடுத்தால் ஒரு படி 0.1 டிகிரி ஆகிவிடும். கூடுதல் செலவே இல்லாத இந்த ஒரு வரித் திருத்தத்தைச் செய்யாமல், எண்கள் தாவுகின்றன என்று சென்சாரைத் தூக்கி எறிந்த மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். நீளமான ஒயர் தேவைப்பட்டால் டிஎஸ் 18பி20 வாங்குங்கள். அது எண்ணாகவே அனுப்புவதால் ஒயரில் வரும் இரைச்சல் அதைக் குழப்பாது. தரவு ஒயருக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைக்க மறக்காதீர்கள். எதை வாங்கினாலும் மேலே சொன்ன டம்ளர் சோதனை தேவை.

உங்கள் ஆசிரியர் கேட்காவிட்டாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: நிரல் நடுவில் உறைந்துபோனால் பல்பு என்ன செய்யும்? எரிந்துகொண்டிருந்த நிலையில் உறைந்தால் எரிந்துகொண்டேதான் இருக்கும். அதற்காக, உறைந்த நிரலைத் தானாகவே மறுபடி தொடங்கிவைக்கும் வாட்ச்டாக் டைமரை இயக்கி வையுங்கள். நிரலே சரியாக இருந்தாலும் ரிலே ஒட்டிக்கொள்ளும். எனக்கே இது நேர்ந்தது. ஒரு விடியற்காலையில் பெட்டியைத் திறந்தபோது முகத்தில் அனல் அடித்தது. உள்ளே 43 டிகிரி. பலகை தன் வேலையைச் சரியாகச் செய்து ரிலேயை விடுவித்திருந்தது. ஆனால் ரிலேயின் தொடுமுனைகள் பொறியில் உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. 14 நாள் வளர்ந்த 40 முட்டைகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. அன்றிலிருந்து, கட்டுப்பாட்டுப் பலகை எதுவானாலும், பல்புக்குப் போகும் அதே ஒயரில் தொடராக இரண்டாவது வெப்பக் கட்டுப்பாட்டான் ஒன்றை 38.8-இல் துண்டிக்கும்படி வைக்கிறேன். முதல் ரிலே ஒட்டிக்கொண்டால் இது காப்பாற்றும். அசையும் தொடுமுனைகள் இல்லாத சாலிட் ஸ்டேட் ரிலேயில் பொறி வராது என்பது உண்மை. ஆனால் அதுவும் பழுதாகும்போது பெரும்பாலும் இணைந்த நிலையிலேயே பழுதாகிறது. எனவே அதற்கும் இந்த இரண்டாவது காவல் வேண்டும்.

230 வோல்ட்டும் தண்ணீர்த் தட்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள். ரிலே துண்டிப்பது பேஸ் ஒயராக இருக்கட்டும், நியூட்ரலாக இருக்க வேண்டாம். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாத பிளக்கில் பெட்டியை மாட்டாதீர்கள். முட்டையைத் திருப்பவோ தண்ணீர் ஊற்றவோ கை விடுவதற்கு முன் சுவிட்சை அணையுங்கள்.

கேள்வி (வாசகி, தூத்துக்குடி): ஐயா, வெப்பம் சரியாக இருந்தும் 21-ஆம் நாளில் பல குஞ்சுகள் ஓட்டைக் குத்தித் துளையிட்டுவிட்டு, வெளியே வராமல் இறந்துவிடுகின்றன. ஈரப்பதம் குறைவு என்று சொல்லி, இரண்டு தட்டுத் தண்ணீர் வைத்துப் பார்த்தேன், இன்னும் மோசமானது.

பதில்: உங்கள் ஊரில் கடற்காற்று ஏற்கெனவே ஈரமாக இருக்கிறது, அம்மா. அதில் இரண்டு தட்டுத் தண்ணீரும் சேர்ந்தால் முட்டை தன்னிடமுள்ள நீரை இழக்க வழியில்லாமல் போகும். அகன்ற முனையில் உள்ள காற்றறை போதிய அளவு பெரிதாகாது. நுரையீரலால் முதல் மூச்சு விடவேண்டிய நேரத்தில் குஞ்சுக்கு இடம் இருக்காது. அத்தகைய முட்டையை உடைத்தால் குஞ்சு வீங்கி, பிசுபிசுப்பான நீரில் நனைந்திருக்கும். மாறாக, மெல்லிய தோல் காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டியிருந்தால் அது ஈரம் குறைந்ததன் அடையாளம். இரண்டுக்கும் மருந்து நேர் எதிரானது என்பதால், இறந்த முட்டையைத் திறந்து பார்க்காமல் தண்ணீரைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

பொதுவாக முதல் 18 நாள் 50 முதல் 55 சதவீதமும், கடைசி 3 நாள் 65 முதல் 70 சதவீதமும் இருக்க வேண்டும் என்பார்கள். ஆனால் மலிவான ஈரப்பதமானிகளை நம்புவது கடினம். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பை எடுத்து, கரையாத ஈர உப்புக் குழம்பாகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, ஈரப்பதமானியோடு சேர்த்து காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். எவ்வளவு தள்ளிக் காட்டுகிறதோ அதுவே அதன் பிழை.

அதைவிடவும் நான் நம்புவது தராசை. முட்டை 18-ஆம் நாளுக்குள் தன் எடையில் 12 அல்லது 13 சதவீதத்தை இழக்க வேண்டும். பத்து நாட்டுக்கோழி முட்டைகள் சேர்ந்து 420 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 18-ஆம் நாளில் அவை 368 கிராமை ஒட்டி நிற்க வேண்டும். பாதி நாளாகிய 9-ஆம் நாளில் 394 கிராம். அன்று 408 கிராம் காட்டினால் ஈரம் மிகுதி. தண்ணீர்த் தட்டை அப்படியே வெளியே எடுத்துவிடுங்கள். 382-க்கு வந்துவிட்டிருந்தால் இன்னொரு தட்டு வையுங்கள். தட்டு எவ்வளவு ஆழம் என்பது கணக்கில்லை. தண்ணீர் காற்றைத் தொடும் பரப்பே ஈரத்தைத் தீர்மானிக்கிறது. ஆகவே குறுகிய சொம்பைவிட அகன்ற தாம்பாளம் வேலை செய்யும். எடை பார்க்கும்போது முட்டையை மூன்று, நான்கு நிமிடம் வெளியே வைப்பதால் கேடில்லை. அடைக்கோழியும் இரை எடுக்க எழுந்து போய்த்தானே வருகிறது.

18-ஆம் நாளில் திருப்புவதை நிறுத்திவிட்டு, அகன்ற தாம்பாளத்தில் தண்ணீர் வைத்து மூடியை மூடுங்கள். அதன்பின் திறக்க வேண்டாம். ஓட்டில் துளை விழுந்த குஞ்சு வெளிவர ஒரு நாள் முழுவதும் ஆகலாம். இரக்கப்பட்டு ஓட்டைப் பிரித்துவிடுபவர்கள் பெரும்பாலும் ரத்தக் குழாயைக் கிழித்துவிடுகிறார்கள். முதலில் வந்த குஞ்சும் பசியால் வாடாது. வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு அதற்கு இரண்டு நாளுக்கு மேல் உணவாகும்.

கேள்வி (வாசகர், அறந்தாங்கி): எங்கள் ஊரில் மின்தடை அடிக்கடி வருகிறது. முட்டை தாங்குமா?

பதில்: குளிரை முட்டை ஓரளவு பொறுக்கும், சூட்டைப் பொறுக்காது. ஒன்றிரண்டு மணி நேரம் மின்சாரம் இல்லாவிட்டால் மூடியைத் திறக்காமல், மேலே ஒரு போர்வையைப் போர்த்துங்கள். காற்றுத் துளைகளை மட்டும் முழுமையாக அடைக்காதீர்கள். கடைசி வாரத்தில் கருவுக்கு மூச்சுக்காற்று நிறையத் தேவைப்படும். அதற்கு மேல் நீண்டால் வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைத் துணியில் சுற்றி, முட்டையைத் தொடாமல் மூலைகளில் வையுங்கள். வீட்டில் 150 ஆம்பியர்-மணி பேட்டரியுள்ள இன்வெர்ட்டர் இருக்குமானால், மற்ற விளக்கு, விசிறிகளை அணைத்துவிட்டால் இந்தப் பெட்டியை ஓர் இரவு முழுவதும் அது தாராளமாகத் தாங்கும். சிறிய பல்பின் அருமை அப்போது தெரியும்.

கேள்வி (வாசகி, அரூர்): கடையில் வாங்கும் நாமக்கல் முட்டையை வைத்தால் பொரியுமா?

பதில்: பொரியாது. அவை சேவலோடு சேராத கோழிகள் கூண்டில் இடும் முட்டைகள். அவற்றில் கரு இல்லை. எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் இருக்கும் இடத்திலிருந்து, இட்டு ஒரு வாரத்துக்கு மேற்படாத முட்டைகளை வாங்குங்கள். கோடையில் ஐந்து நாளுக்குள் வைத்துவிடுவது நல்லது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்த முட்டை வேண்டாம். கழுவவும் வேண்டாம். 7-ஆம் நாள் இரவில் அறையை இருட்டாக்கி, கைப்பேசி விளக்கை அகன்ற முனையில் வைத்துப் பாருங்கள்: கரு பிடித்திருந்தால் நடுவில் ஒரு கரும்புள்ளியும், அதிலிருந்து எட்டுக்கால் பூச்சியின் கால்கள்போலப் பிரியும் சிவந்த நரம்புகளும் தெரியும், சற்றுப் பொறுமையாகப் பார்த்தால் அந்தப் புள்ளி அசைவதையும் காணலாம். ஒன்றுமில்லாமல் மஞ்சளாக ஒளிர்ந்தால் அது கூமுட்டை, எடுத்துவிடுங்கள்.

கேள்வி (வாசகர், சீர்காழி): வாத்து முட்டையையும் கோழி முட்டையையும் ஒரே பெட்டியில் வைக்கலாமா?

பதில்: வெப்பம் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால் வைக்கலாம், நாள் கணக்குத்தான் வேறு. நாட்டு வாத்துக்கு 28 நாள், கோழிக்கு 21 நாள். எனவே வாத்து முட்டைகளை முதலில் வைத்து, 7 நாள் கழித்துக் கோழி முட்டைகளை வைத்தால், இரண்டுக்கும் திருப்புவதை நிறுத்தும் நாளும் ஈரத்தைக் கூட்டும் நாளும் ஒன்றாக வரும். மணிலா வாத்து என்றால் 35 நாள். அப்போது இடைவெளி 14 நாள். காடைக்கு 17 அல்லது 18 நாளே ஆவதால், கோழி முட்டை வைத்த 4-ஆம் நாளில் அதை உள்ளே வைக்கலாம். வைத்த தேதியை ஒவ்வொரு முட்டையின் மீதும் பென்சிலால் எழுதிவிடுங்கள். பேனா மை வேண்டாம். ஒரு பக்கம் பெருக்கல் குறியும் மறுபக்கம் வட்டமும் போட்டு, நாளொன்றுக்கு ஐந்து முறை திருப்புங்கள். எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், நேற்று இரவு முழுவதும் கீழே இருந்த பக்கம் இன்று இரவு மேலே வரும்.